குதிரைக்குட்டி வளரும் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சினைக் குதிரையோ பால்குடிக் குட்டியோ வைத்திருக்கும் வாசகர்கள் அண்மையில் எழுதிய கடிதங்களிலிருந்து, குட்டி வளரப்போகும் இடத்தையும் சூழலையும் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் தரவில்லை. அதைக் குதிரையை நேரில் பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் மார்வாரிக் குதிரை 8 மாதச் சினையாக இருக்கிறது. எங்களுக்கு 3 ஏக்கர் கொறங்காடும் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்), அதன் ஓரத்தில் முன்பு மாடு கட்டிய கொட்டகையும் உள்ளன. கொறங்காட்டின் இரண்டு பக்கம் கிளுவை வேலி, மற்ற இரண்டு பக்கம் முள்கம்பி. கன்றுக்குட்டிகளை இங்கேதான் வளர்த்தோம். குதிரைக்குட்டிக்கென்று தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா? (தாராபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

கட்டாயம் செய்ய வேண்டும், ஐயா. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். அதில் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆவதும் இயல்பு. எனவே உங்களுக்கு ஏறத்தாழ 3 மாதம் இருப்பதாகத் தோன்றினாலும், வேலைகளை ஒன்பதரை மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. தாய்க்குதிரை, ஈனப்போகும் இடத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே வந்து தங்கிவிட்டால், அந்த இடத்துக் கிருமிகளை எதிர்க்கும் சக்தி அதன் உடலில் உருவாகிச் சீம்பாலில் சேரும். குட்டி பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் இந்தப் பலன் கிடைக்காது.

கன்றுகளை வளர்த்த பழக்கத்தை வைத்துக் குதிரைக்குட்டியைக் கணிக்க வேண்டாம். கன்று மிரண்டால் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். குதிரைக்குட்டி மிரண்டால் ஓடும். பிறந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கிற அந்தக் குட்டி மறுநாளே தாயின் விலாவை ஒட்டிப் பாய்ந்து ஓடக் கூடியது. ஆனால் எதிரே இருப்பது கம்பி என்று அறியும் அனுபவம் அதற்குச் சிறிதும் இல்லை. ஓடாத நேரத்தில் அது படுத்துத் தூங்கும், அதுவும் வேலியோரம் என்று பாராமல் எங்கே அசதியாக இருக்கிறதோ அங்கேயே கால் நீட்டிப் படுக்கும். விழித்திருக்கும் நேரத்தில் கண்ணில் படும் எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும். ஓடுவது, உருள்வது, கடிப்பது என்ற இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் முழங்கால் உயரத்துக்குக் குனிந்து கொறங்காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், என்னென்ன மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் முள்கம்பியை முற்றிலும் அகற்றுங்கள். மேலே ஒரு வரிசை மட்டும் இருக்கட்டும் என்ற சமரசம்கூட வேண்டாம். குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே சதைப்பிடிப்பு கிடையாது. தோலை அடுத்து நேராகத் தசைநாண்களும் எலும்பும்தான். அங்கே கம்பி கிழித்தால், காயம் ஆறினாலும் கால் பழையபடி தேறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முள்கம்பிக்குப் பதிலாகச் சவுக்குக் கழிகளைக் குறுக்கே மூன்று அல்லது நான்கு வரிசையாகக் கட்டலாம். மேல் வரிசை நாலரை முதல் ஐந்தடி உயரத்திலும், கீழ் வரிசை தரையிலிருந்து சுமார் ஓரடி உயரத்திலும் இருந்தால், படுத்து உருளும் குட்டி வேலிக்கு அடியில் நழுவி மறுபுறம் போய்விடாது. கழிகளைத் தூண்களின் உட்பக்கத்தில் பொருத்துங்கள்; வெளிப்பக்கத்தில் பொருத்தினால், வேலியோரமாக ஓடிவரும் குட்டியின் தோள் கல்தூணில் இடிக்கும். ஆணி முனையும் கட்டுக்கம்பியின் நுனியும் வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் குறுக்காக ஒரு கழி வைத்து மூலையை அடைத்துவிட்டால், வேறு குதிரை துரத்தினாலும் குட்டி மூலையில் மாட்டிக்கொள்ளாமல் வளைந்து ஓடிவிடும்.

கம்பிவலை போடுவதானால், குட்டியின் குளம்பு நுழைய முடியாத அளவுக்குக் கண்கள் சிறிதாக உள்ள வலையாகப் பாருங்கள். ஆட்டுப்பட்டிக்குப் போடும் பெரிய கட்ட வலையில் குளம்பு நுழையும், ஆனால் இழுக்கும்போது வெளிவராது.

கிளுவை நல்ல உயிர்வேலிதான், அதை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அதன் கிளை நுனிகள் கூர்மையானவை என்பது உங்களுக்கே தெரியும். குட்டியின் கண் உயரத்தில் அவை நீட்டிக்கொண்டிருக்கும். எனவே கிளுவையிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே தள்ளி, அந்தப் பக்கங்களிலும் கழிவேலி ஒன்று ஓடட்டும். வெள்வேல மரங்கள் நிழலுக்கு வேண்டும். கீழே விழும் முள் கிளைகளை மட்டும் வாரம் ஒருமுறை பொறுக்கிவிடுங்கள், ஏனெனில் குளம்பின் அடிப்பாகத்தில் ஏறிய முள் வெளியே தெரியாமல் சீழ் வைக்கும்.

கொங்குப் பகுதித் தோட்டங்களில் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குவது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும், மூடி போடாமல் விட்ட ஆழ்துளைக் குழியும்தான். பெரிய குதிரை கிணற்றின் விளிம்பை அறிந்து விலகும். இருட்டில் மிரண்டு ஓடும் குட்டி விலகாது. கிணறு கொறங்காட்டுக்கு உள்ளே இருந்தாலும் அதை ஒட்டியிருந்தாலும் சுவர் எழுப்பும் வரை குட்டியை அந்தப் பக்கமே விடாதீர்கள். இவற்றோடு பழைய சொட்டுநீர்க் குழாய், வைக்கோல் கட்டின் பிளாஸ்டிக் கயிறு, தகரத் துண்டு, பூச்சிமருந்து டப்பா, எலிமருந்து வைத்த இடம் ஆகியவற்றையும் சுத்தம் செய்யுங்கள். அரளி, மஞ்சள் அரளி இரண்டும் குதிரைக்குக் கொடிய நஞ்சு, காய்ந்த இலைகூட ஆபத்து. எனவே வேலிக்கு வெளியே இருந்தாலும், காற்றில் இலை உள்ளே விழும் தூரத்தில் இருந்தால் அவற்றை வேரோடு எடுத்துவிடுங்கள். உண்ணிச்செடி, ஆமணக்கு, ஊமத்தை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவையும் அப்படியே. சீமைக்கருவேல மரம் இருந்தால் அதன் நெற்றுகளைக் கூட்டி அகற்றுங்கள். குதிரை அவற்றை விரும்பித் தின்னும், குடல் அடைத்துக் கடும் வயிற்றுவலியில் துடிக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், உள்ளே போன தீங்கு எளிதில் வெளியே வராது.

இனிக் கொட்டகை. ஈனும் அறை குறைந்தது 12 அடிக்கு 12 அடி வேண்டும், 14 அடிக்கு 14 அடி இருந்தால் இன்னும் நல்லது. அதைவிடக் குறுகலான இடத்தில் தாய் சுவரோரம் படுத்தால், குட்டி வெளிவர இடமிருக்காது. பிறந்த பின்னும் தாயின் காலடியில் மிதிபடும். மாடு கட்டிய கொட்டகையில் பொதுவாக வழுக்கும் சிமெண்டுத் தளமும், நடுவே மூத்திர வாய்க்காலும், சுவரில் இரும்பு வளையங்களும் இருக்கும். வாய்க்காலை மூடுங்கள், வளையங்களை அறுத்தெடுங்கள், தளத்தின் மேல் கெட்டிப்படுத்திய மண்ணோ ரப்பர் விரிப்போ போடுங்கள். பழைய சாணப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் சுரண்டி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகே கிருமிநாசினி அடிக்க வேண்டும். ஈனும் நேரத்தில் தரையில் விரிப்பதற்குப் பூஞ்சணம் பிடிக்காத, தூசியற்ற வைக்கோல்தான் ஏற்றது. மரத்தூள் ஈரக் குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் ஒட்டிக்கொள்ளும். தகரக் கூரையாக இருந்தால் அதன்மேல் தென்னங்கீற்று வேயுங்கள். சுவரின் மேற்பாதியைத் திறந்து வைத்துக் காற்றோட விடுங்கள். மின்கம்பிகள் குழாய்க்குள் ஓட வேண்டும், விளக்கும் சுவிட்சும் குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி தரையோடு தரையாக ஆழமாக இருந்தால், தடுமாறும் குட்டி அதில் விழுந்து எழ முடியாமல் போகலாம். தாயின் நெஞ்சு உயரத்தில் ஒரு தொட்டி இருந்தால் முதல் சில வாரங்களுக்குப் போதும். தீனியை வலைப்பையில் தொங்கவிடுவதும் வேண்டாம். குட்டியின் முன்னங்கால் அதில் சிக்கும்.

குட்டியை வெளியே விடும் முதல் நாள், தாயைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரமாகவே மெதுவாக ஒரு முழுச் சுற்று நடத்துங்கள். குட்டி பின்னாலேயே வந்து எல்லை எது என்பதைப் பார்த்துக்கொள்ளும். கம்பிவலைப் பக்கத்தில் அங்கங்கே வெள்ளைத் துணிக் கீற்றுகள் கட்டியிருந்தால் அதன் கண்ணுக்குப் படும். முதல் சில நாள்களுக்கு மூன்று ஏக்கரையும் திறந்துவிடாமல், தாயும் குட்டியும் மட்டும் இருக்கும் சிறு அடைப்பில், வெயில் ஏறாத காலை நேரத்தில் விடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முதன்முறையாகக் குதிரை ஈனப்போகிறது. நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் குடிக்கவிடக் கூடாது என்றும், தொப்புள்கொடியை உடனே அறுத்து மஞ்சளும் சாம்பலும் வைக்க வேண்டும் என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். அன்று இரவு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (ஓமலூரிலிருந்து ஒரு வாசகி)

அம்மா, இந்த இரண்டு யோசனைகளையும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். உங்கள் கடிதத்தை இந்த இதழிலேயே அச்சேற்ற வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதும் இதற்காகத்தான்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே ஓரளவு வந்துசேரும். குதிரைக்குட்டிக்கு அப்படி வருவதில்லை. அதன் நஞ்சுக்கொடியின் அமைப்பு அதைக் கடத்தாது. ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கும் குட்டிக்கு அத்தனையும் சீம்பால் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். அந்தச் சக்தியை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் 6 முதல் 8 மணி நேரம் நன்றாக இருக்கும், பிறகு வேகமாகக் குறைந்து ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். நஞ்சுக்கொடிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குட்டியின் ஆயுளிலிருந்து எடுத்துச் செலவிடும் நேரம். சீம்பால் குடித்த குட்டியிடம் சக்தி போதிய அளவு ஏறியிருக்கிறதா என்பதை, 18 முதல் 24 மணி நேரத்துக்குள் எடுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனையில் அறியலாம். குறைவாக இருந்தால் பிளாஸ்மா ஏற்றிச் சரிசெய்ய வழி உண்டு. உங்கள் ஊரில் அந்தப் பரிசோதனை எங்கே கிடைக்கும் என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஈனுவதற்கு முன்னரே மடியிலிருந்து பால் தாரையாக வழிந்தால், வீணாவது சீம்பால்தான். அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

தொப்புள்கொடியை அறுக்க வேண்டாம். தாய் எழும்போதோ குட்டி அசையும்போதோ அது தானாக அறுபடும்; அப்படி அறுபட்ட நுனியில் இரத்தம் விரைவில் நின்றுவிடும். பிறகு மருத்துவர் தரும் நீர்த்த குளோர்ஹெக்சிடினிலோ போவிடோன் அயோடினிலோ, ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றித் தொப்புளை நனைத்து எடுங்கள். முதல் நாளில் இதை மூன்று நான்கு முறை செய்யலாம். மஞ்சளும் சாம்பலும் கிருமியை உள்ளே கொண்டுபோகும், அங்கிருந்து அது மூட்டுகளுக்குப் பரவும். குட்டியின் மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், தாய் மிதித்திருக்கும் என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் அன்றே காட்ட வேண்டும்.

குதிரை பெரும்பாலும் இரவில், ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகே ஈனும். காம்பு நுனியில் மெழுகு போன்ற துளிகள் கட்டியிருந்தால் இன்னும் ஓரிரு நாளில் என்று கொள்ளலாம். பனிக்குடம் உடைந்தபின் 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். வெளிறிய வெண்ணிறப் பைக்குப் பதிலாகச் சிவந்த வெல்வெட் துணி போன்ற பை முதலில் தெரிந்தால், உள்ளே குட்டிக்கு மூச்சு கிடைக்கவில்லை என்று பொருள். மருத்துவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே அந்தப் பையைக் கிழித்துக் குட்டியை வெளிக்கொணர வேண்டும். மற்றபடி உறவினர் எல்லாரும் அறைக்குள் கூடி நின்று டார்ச் அடிப்பதையும் படம் எடுப்பதையும் தவிர்த்து, ஒருவர் மட்டும் தள்ளி நின்று கவனித்தால் போதும். தாயும் குட்டியும் ஒன்றையொன்று முகர்ந்து அறியும் அந்த முதல் அரைமணி நேரம் அவற்றுக்கே உரியது.

1, 2, 3 என்ற எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். பசுவுக்கு நஞ்சுக்கொடி ஒரு நாள் தங்கினாலும் பொறுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. குதிரைக்கு அது அவசர நிலை, குளம்புவரை பாதித்து உயிரையே எடுக்கும். அதைக் கையால் இழுக்கக் கூடாது. தொங்கும் பகுதியைத் தாய் மிதிக்காதபடி மேலே முடிந்து கட்டிவிட்டு மருத்துவருக்காகக் காத்திருங்கள். விழுந்ததும் முழுதாக வந்திருக்கிறதா என்பதை மருத்துவர் பார்க்கும்வரை ஒரு வாளியில் மூடிவைத்து, பிறகு ஆழமாகப் புதையுங்கள். அந்த வாசனைக்குத்தான் தெருநாய்கள் கூடும். குட்டியின் கறுத்த முதல் மலம் ஒரு நாளுக்குள் வெளியேறியிருக்க வேண்டும். வாலைத் தூக்கி முக்கிக்கொண்டே இருந்தால் அது தங்கியிருக்கிறது.

கேள்வி: தாய்க்குதிரைக்கு கோ 4 கம்பு நேப்பியர் புல்லும், தினம் 3 கிலோ கோதுமைத் தவிடும் கொடுக்கிறேன். 4 மாதக் குட்டியும் அதையே உடன்சேர்ந்து தின்கிறது. சில நாளாகக் குட்டி விறைப்பாக நடக்கிறது. பக்கத்துக் கோழிப்பண்ணையில் தீவனம் மலிவாகக் கிடைப்பதால் அதையும் சேர்க்கலாமா? (நாமக்கல் மாவட்ட வாசகர்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கோழித்தீவனத்தைக் குதிரை இருக்கும் கொட்டகைக்குள் கொண்டுவரவே கூடாது. கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் வராமலிருக்க மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதுண்டு. சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின் உண்டு. கோழியும் மாடும் தாங்கும் அந்த அளவு குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும். இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. தீவனம் அரைக்கும் இயந்திரம், அள்ளும் கூடை, சாக்கு ஆகியவையும் தனித்தனியாக இருக்கட்டும்.

குட்டியின் விறைப்பு நடைக்கு மூட்டு நோய் முதல் பல காரணங்கள் இருக்கலாம் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் நீங்கள் எழுதிய தீனியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவது சுண்ணாம்புச் சத்தின் மேல்தான். வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடக் கூடுதலாக, குறைந்தது சமமாகவாவது கிடைக்க வேண்டும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்புச் சத்தைவிடப் பல மடங்கு அதிகம். அரிசித் தவிட்டிலும் அப்படியே. அத்துடன் நேப்பியர், கொழுக்கட்டைப்புல் போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஆக்சலேட் என்னும் பொருள் உண்டு. அது புல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொண்டு, குதிரைக்குப் பயன்படாமல் செய்துவிடும். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைப்பதால், அதே புல்லைத் தின்னும் மாடு நன்றாக இருக்கிறது. குதிரைக்கு அந்த வசதி இல்லை. இரண்டும் ஒன்றுசேரும்போது உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். முதலில் கால் மாற்றி மாற்றி நொண்டும். பிறகு முகத்தின் இருபுறமும் எலும்பு உப்பித் தலை பெரிதாகத் தெரியும். மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளிடம் அந்நாளில் அதிகம் கண்ட நோய் இதுதான், தவிடு அவர்களிடம் தாராளமாக இருந்ததால்.

தவிட்டை நிறுத்துங்கள். ஒரேயடியாக அல்லாமல் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள், ஏனெனில் திடீர் தீனி மாற்றம் குதிரைக்கு வயிற்றுவலியைக் கொண்டுவரும். நேப்பியரில் ஒரு பகுதியைக் குறைத்துக் குதிரைமசால் சேருங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடப் பல மடங்கு இருப்பதால் இந்தக் குறையை நன்றாக ஈடுகட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. தாது உப்புக் கலவையின் அளவை அங்கே கேட்டுக்கொள்ளலாம். கொள்ளு கொடுக்கலாம், ஆனால் ஊறவைத்து வேகவைத்துக் கொஞ்சமாக. இளஞ்சோளப் பயிரை மாட்டுக்குப் போடக் கூடாதது போலவே குதிரைக்கும் போடக் கூடாது. தாய் நுழைய முடியாமல் குட்டி மட்டும் நுழையும் அகலத்தில் கழி கட்டிய தனி அடைப்பு ஒன்று இருந்தால், குட்டிக்கு வேண்டியதை அது மட்டும் தின்னும். நீங்களும் அளந்து வைக்கலாம்.

கேள்வி: ஆடித் திருவிழாவின்போது அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் ஒரு குட்டியை வாங்கினேன். 2 மாதம் இருக்கும் என்றார்கள். தாய் இல்லை. எருமைப்பால் கொடுத்தேன், கழிகிறது. வீட்டில் வேறு இரண்டு குதிரைகள் இருக்கின்றன. (பவானியிலிருந்து ஒரு வாசகர்)

தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கத் தகுந்த வயது 4 முதல் 6 மாதம். 2 மாதக் குட்டியைத் தனியாக விற்பதும் வாங்குவதும் கூடாது என்பதை மற்ற வாசகர்களுக்காகவும் அழுத்தமாகச் சொல்கிறேன். குட்டியின் காது வளைவையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் அதன் தாய் எங்கே என்று கேளுங்கள்.

குதிரைப்பாலில் கொழுப்பு 2 சதவீதத்துக்குள்தான். இனிப்பு பசும்பாலைவிட அதிகம். எருமைப்பாலில் கொழுப்பு அதைப்போல மூன்று நான்கு மடங்கு என்பதால் குட்டிக்குச் செரிக்கவில்லை. குதிரைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு கிடைக்காவிட்டால், கொழுப்பு நீக்கி 2 சதவீதமாக்கிய பசும்பாலில் லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் கலந்து கொடுப்பது வழக்கத்தில் உள்ள மாற்று. சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவும் வேண்டாம்; குதிரைக்குட்டியின் இளங்குடல் அவற்றைச் செரிக்காமல் கழிச்சலை அதிகமாக்கும். புட்டியில் பழக்குவதைவிடத் தட்டையான வாளியிலிருந்து குடிக்கப் பழக்கினால், மூச்சுக்குழாயில் பால் ஏறும் ஆபத்து குறையும். கழிச்சலில் குட்டி ஓரிரு நாளிலேயே நீர்வற்றிப் போகும் என்பதால், இதைப் படிக்கும்போதும் கழிச்சல் நிற்கவில்லை என்றால் இன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

சந்தையிலிருந்து வந்த குட்டியை உங்கள் மற்றக் குதிரைகளோடு உடனே சேர்க்கக் கூடாது. பல மாநிலக் குதிரைகள் கூடும் இடத்தில் கிளாண்டர்ஸ், சர்ரா போன்ற நோய்கள் தொற்ற வாய்ப்புண்டு. கிளாண்டர்ஸ் மனிதரையும் தாக்கும். அது உறுதியானால் குதிரையைச் சட்டப்படி அழிக்க வேண்டிவரும். தனி வாளி, தனித் தொட்டி, குட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் கை கால் கழுவுவது என்று ஒரு மாதமாவது ஒதுக்கி வைத்து, இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஆனாலும் மற்றக் குதிரைகள் அதன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கட்டும். காலம் முடிந்தபின், சாதுவான வயதான பெண்குதிரை ஒன்றின் துணையில் விடுங்கள். மனிதரோடு மட்டுமே வளரும் குட்டி, தான் குதிரை என்பதைக் கற்காமல் முட்டுவதும் கடிப்பதுமாக வளர்ந்துவிடும்.

கேள்வி: 3 மாதக் குட்டிக்குச் சில நாளாக இருமல். சளி இல்லை, விளையாடுகிறது. மைதானம் முழுக்க வெயிலில் புழுதியாக இருக்கிறது. தாயின் லத்தியையும் தின்கிறது. கவலைப்பட வேண்டுமா? (விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்)

லத்தி தின்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் சில வாரங்களில் எல்லாக் குட்டிகளும் தாயின் லத்தியைத் தின்று, செரிமானத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்களைக் குடலில் சேர்த்துக்கொள்ளும். இந்த வயதிலும் தொடர்ந்தால், புல்லும் தீனியும் போதுகிறதா என்று பாருங்கள்.

இருமலுக்குக் கவலைப்பட வேண்டும். பிறந்து ஒன்று முதல் 6 மாதத்துக்குள் உள்ள குட்டிகளைத் தாக்கும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. ரோடோகாக்கஸ் என்னும் அந்தக் கிருமி மண்ணிலும் லத்தியிலும் வாழ்ந்து, காய்ந்த புழுதியோடு மூச்சில் ஏறும். நுரையீரலில் சீழ்க்கட்டிகள் உருவாகும்வரை குட்டி உற்சாகமாக விளையாடிக்கொண்டிருக்கும் என்பதுதான் இந்த நோயின் கொடுமை. இன்றே காய்ச்சல் பாருங்கள். குட்டிக்கு 102 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு, அதைத் தாண்டினால் மறுநாள் என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவர் ஒருமுறை நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கட்டும்.

மைதானத்தில் லத்தியைத் தினமும் அள்ளி, வேலிக்கு வெளியே குவித்து மட்க விடுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த குட்டியையும் பிடிக்கும் என்பதால், இந்த ஒரு வேலை இரண்டு நோய்களைத் தடுக்கிறது. புல் இல்லாத இடத்தில் மாலையில் தண்ணீர் தெளியுங்கள். அருகம்புல் பிடிக்கும்வரை அந்த இடத்தை அடைத்து வையுங்கள். கூட்டமாகக் குதிரைகளை ஒரே இடத்தில் விடுவதைத் தவிர்த்து, கொட்டகையைப் பெருக்கும்போது தாயையும் குட்டியையும் வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

கேள்வி: 5 மாதக் குட்டிக்கு எந்நேரமும் தலைக்கயிறு போட்டு வைத்திருக்கிறோம், பிடிக்க வசதியாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் மேலே ஏறி உட்கார ஆசைப்படுகிறார்கள். இரவில் தெருநாய்கள் வேறு வருகின்றன. (கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர்)

தலைக்கயிற்றைக் கையில் பிடிக்கும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். குட்டி பின்னங்காலால் காதைச் சொறியும் பழக்கம் உடையது; குளம்பு கயிற்றில் மாட்டினால் கழுத்தை முறித்துக்கொள்ளும். தலையும் வாரத்துக்கு வாரம் வளர்வதால் கயிறு மூக்கெலும்பில் பதிந்துவிடும். தினம் சிறிது நேரம் கழுத்தையும் கால்களையும் தடவி, குளம்பை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே வைத்துப் பழக்கினால், குட்டி தானாகவே உங்களிடம் வரும். லாடக்காரர் குளம்பு சீவ வரும்போதும் அடங்கி நிற்கும். குட்டியைக் கம்பத்தில் கட்டிவிட்டு அகலவே கூடாது. பின்னுக்கு இழுத்துக் கழுத்தெலும்பு பிசகும்.

பேரப்பிள்ளைகளை ஏற்றாதீர்கள். குட்டியின் எலும்பு முனைகள் இன்னும் குருத்தாகவே இருக்கின்றன. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ளவை இறுகவே இரண்டரை வயதாகும், முதுகெலும்புக்கு அதற்கும் மேல். மூன்று வயதுக்கு முன் எந்தப் பாரமும் வேண்டாம். அதுவரை பிள்ளைகள் பெரியவர் ஒருவர் உடனிருக்கக் குட்டிக்கு உடம்பு தேய்த்துவிடலாம். பின்பக்கம் நிற்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

தெருநாய்களைப் பொறுத்தவரை, மாலை மங்கும் முன் தாயையும் குட்டியையும் உள்ளே கட்டாமல் அவிழ்த்துவிட்டு அடைத்துவிடுங்கள். கதவின் அடி இடைவெளியைப் பலகையால் மூடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ரணஜன்னித் தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி போட்ட தாயின் குட்டிக்கு 4 முதல் 6 மாதத்துக்குள் முதல் ஊசி தொடங்க வேண்டும் என்பதால், உங்கள் குட்டிக்கு இந்த மாதமே நேரம். நாய் கடித்துவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். கழுவுபவர் கையுறை அணிந்திருக்க வேண்டும்.